வாஸ், வெர், வசதி: மூல ஜெர்மானிய *வெஸனம் வினை எங்கிருந்து வந்தது, எப்படித் திரிந்தது?

யாழ்முரி:

ஆங்கிலத்தில் எந்த வினையை எடுத்தாலும் இறந்தகாலத்தில் ஒருமை, பன்மை வேறுபாடு கிடையாது. ஐ வென்ட், தே வென்ட். ஐ சேங், தே சேங். ஒரே ஒரு வினை மட்டும் விதிவிலக்கு: ஐ வாஸ், தே வெர். பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் ஒருமையில் ஸகரம், பன்மையில் ரகரம் என்பது தற்செயலாக வந்ததில்லை. எழுத்தே இல்லாத காலத்தில், தென் ஸ்காண்டிநேவியாவிலும் வட ஜெர்மனியிலும் வாழ்ந்தவர்கள் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னார்கள் என்பதற்கான சாட்சியம் அது. ரொம்ப நாளாக இதைப் பற்றி ஓர் இழை தொடங்க நினைத்திருந்தேன்.

முதலில் எழுத்து ஏற்பாடு. மீட்டுருவாக்கிய வடிவங்களுக்கு முன்னால் உடுக்குறி (*) போடுகிறேன். எந்தக் கல்வெட்டிலும் ஏட்டிலும் அப்படியே கிடைக்காத வடிவம் என்று அதற்குப் பொருள். அதிர்ந்து ஒலிக்கும் ஸகரத்தை, அதாவது ஜீரோ, ஜீப்ரா என்று நாம் எழுதும் சொற்களில் ஆங்கிலேயர் முதலில் ஒலிப்பதை, ‘ஃஸ’ என்று எழுதுகிறேன். *வெஸனம் என்பதன் கடைசி ‘ம்’ தனி மெய் இல்லை. நாம் பேச்சில் ‘மரம்’ என்று சொல்லும்போது இதழ் மூடாமல் மூக்கால் முடிக்கிறோமே, அந்த ஒலி.

இனி வினை. மூல ஜெர்மானியத்தில், அதாவது ஆங்கிலம், ஜெர்மன், டச்சு போன்றவற்றுக்குத் தாயான, எழுதப்படாத மொழியில், ‘இரு’ என்ற பொருளில் வந்த *வெஸனம் நான்கு நிலைகளில் திரிகிறது:

நிகழ்காலம்: *வெஸ்-
இறந்தகால ஒருமை: *வஸ்
இறந்தகாலப் பன்மை: *வேஃஸுன்
எச்சம் (ஆங்கில ‘பீன்’, ‘சோஸன்’ போன்ற வடிவம்): *வெஸனஃஸ்

எ, அ, ஏ, எ என்று உயிர் மாறுகிறது பாருங்கள். ஜெர்மானிய மொழிகளில் இது தனி வகுப்பு, ஐந்தாம் வகுப்பு வல்வினை என்பார்கள் (உயிரை மாற்றியே காலம் காட்டும் வினைதான் வல்வினை). ‘கொடு’ என்ற பொருளுள்ள *கெபனம் வினையும் இதே வகுப்புதான்.

பன்மையில் *வேஃஸுன் ஆனது எப்படி? ஜேக்கப் கிரிம் என்ற ஜெர்மன் மொழியறிஞர் 1822இல் ஜெர்மானிய மெய்ம்மாற்றங்களை விதியாகத் தொகுத்தார். அதற்கு முன் 1818இலேயே டென்மார்க்கின் ராஸ்க் பெரும்பகுதியைக் கண்டுவிட்டார். ஆனால் அந்த விதிக்குள் அடங்காத சொற்கள் நிறைய இருந்தன. 1875இல் கார்ல் வெர்னர் என்ற இன்னொரு டேனிஷ்காரர் அதற்கு விடை கண்டார். தூக்கம் வருவதற்காக ஓர் ஒப்பிலக்கண நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சமஸ்கிருத ‘பிதா’, ‘ப்ராதா’ இரண்டும் கண்ணில் பட்டன என்று சொல்வார்கள். வேத உச்சரிப்பில் பிதாவுக்கு அழுத்தம் இரண்டாம் அசையில், ப்ராதாவுக்கு முதல் அசையில். ஜெர்மனில் பார்த்தால் ஃபாட்டர், புரூடர். ஒன்றில் டகரம் வலித்தும் மற்றதில் மெலிந்தும் ஒலிக்கிறது. இந்த மொழிகளுக்கெல்லாம் மூலமான இந்தோ-ஐரோப்பிய மொழியில் அழுத்தம் எங்கே விழுந்தது என்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

விதி இவ்வளவுதான்: சொல்லுக்கு நடுவில் வரும் உரசொலிக்கு (ஸ், ஃப் போலக் காற்று உரசி வரும் மெய்) முந்தைய அசையில் அழுத்தம் இருந்தால் அது அப்படியே நிற்கும், இல்லாவிட்டால் அதிரத் தொடங்கும். ‘இரு’ வினையின் ஒருமையில் அழுத்தம் வினையடியிலேயே விழுந்தது, அதனால் *வஸ். பன்மையில் அது விகுதிக்குத் தாவியது, அதனால் ஸ் அதிர்ந்து ஃஸ் ஆயிற்று. அதற்குப் பிறகு ஜெர்மானியர்கள் எல்லாச் சொல்லுக்கும் முதல் அசையிலேயே அழுத்தம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். காரணம் மறைந்தது, விளைவு நின்றுவிட்டது. பின்னால் மேற்கிலும் வடக்கிலும் ஃஸ் ரகரமாக மாறியது. பழைய ஆங்கிலத்தில் வாஸ், வாரோன் (அந்த ‘வா’ ஆவுக்கும் ஏவுக்கும் நடுவிலான உயிர்). பழைய உயர் ஜெர்மனில் வஸ், வாருன். இன்றைய டச்சில் வஸ், வாரன்.

---

கார்முகில்:

அருமையான தொடக்கம் யாழ்முரி. ஒரு சந்தேகம். ‘வாஸ்’ என்று எழுதுகிறீர்கள். ஆனால் ஆங்கிலேயர் யாரும் அப்படிச் சொல்வதில்லையே? ‘வாஃஸ்’ என்று அதிர்வோடுதான் சொல்கிறார்கள். அப்படியானால் ஒருமையிலும் ஸ் அதிர்ந்துவிட்டது, வெர்னர் விதி அங்கேயும் நடந்திருக்கிறது என்றுதானே ஆகும்?

---

யாழ்முரி:

நல்ல கேள்வி கார்முகில். இரண்டும் வேறு வேறு காலத்தில் நடந்தவை. இன்றைய ‘வாஃஸ்’ அதிர்வு ஆங்கிலத்துக்குள்ளேயே ரொம்பப் பிற்பாடு வந்தது. வாக்கியத்தில் அழுத்தமின்றிச் சொல்லும் சின்னச் சொற்களில் எல்லாம் அப்படி ஆயிற்று. ‘இஸ்’, ‘ஹிஸ்’, ‘ஆஸ்’ எல்லாமே இன்று அதிர்ந்துதான் ஒலிக்கின்றன. ‘ஆஃப்’ என்ற சொல்லை ‘ஆவ்’ என்று சொல்வதும் அதே மாற்றம்தான்.

வெர்னர் விதியால் அன்றே அதிர்ந்திருந்தால், அந்த ஃஸ் பழைய ஆங்கிலக் காலத்துக்கு முன்னாலேயே ரகரமாகியிருக்கும். நாம் ‘ஐ வார்’ என்ற மாதிரி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்போம். டச்சுக்காரர் இன்றும் ‘வஸ்’ என்று அதிர்வில்லாமல்தான் சொல்கிறார்கள்.

---

பதஞ்சலிபுரம்:

வணக்கம். வடமொழி இலக்கணம் படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

வடமொழி வினையடிகளின் பட்டியலான தாதுபாடத்தில் ‘வஸ நிவாஸே’ என்று ஒரு தாது, அதாவது வினையடி, உண்டு. தங்குதல், குடியிருத்தல் என்று பொருள். வஸதி என்றால் ‘தங்குகிறான்’. நீங்கள் சொல்லும் ஜெர்மானிய வினையின் உடன்பிறப்பு இதுதான். இதன் இறந்தகாலத்தை, அதாவது லிட் வடிவத்தைப் பாருங்கள். ஒருமை: உவாஸ. பன்மை: ஊஷு:. வேத மரபில் இந்த லிட் வடிவங்களின் ஒருமையில் உதாத்தம், அதாவது உயர்குரல் அழுத்தம், தாதுவின் மேல், பன்மையில் விகுதியின் மேல். யாழ்முரி சொன்ன அழுத்தத் தாவல் எங்கள் பக்கத்தில் உச்சரிப்பாகவே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மானியர்கள் அதை மறந்தார்கள், ஆனால் மெய்யெழுத்தில் அதன் தடம் விழுந்துவிட்டது. வேதம் ஓதுகிறவர்கள் மறக்காமல் வைத்திருந்ததால்தான் வெர்னரால் இரண்டையும் பொருத்திப் பார்க்க முடிந்தது.

*வெஸனம் என்ற வடிவத்தின் கடைசிப் பகுதியையும் கவனியுங்கள். கமனம், சயனம், போஜனம் என்று தொழிற்பெயர் அமைகிறதே, அதே மாதிரியான அமைப்பு. ஜெர்மானிய மொழிகளில் வினையைக் குறிப்பிடும் வடிவம் தொடக்கத்தில் ஒரு தொழிற்பெயர்தான்.

தமிழுக்கு வந்த சொற்களும் பல. வசித்தல், வாசம், நிவாசம், வனவாசம். நாம் தினமும் சொல்லும் ‘வசதி’யும் இதே தாதுதான். தங்குமிடம் என்ற பொருளில் இருந்த சொல், தங்குவதற்கு ஏற்ற சௌகரியம் என்று நகர்ந்துவிட்டது. கன்னட நாட்டில் சமணக் கோயில்களை ‘பசதி’ என்கிறார்களே, அதுவும் இந்த வசதியே.

---

தும்பைப்பூ:

ஐயா, அப்படியென்றால் வஸ்திரம், வசியம், வசந்தம் எல்லாமும் இதே குடும்பமா?

---

பதஞ்சலிபுரம்:

இல்லை அம்மா, மூன்றும் தனித்தனி.

வஸ்திரத்துக்குத் தாது ‘வஸ ஆச்சாதனே’, உடுத்துதல். ஒலி ஒன்று, பிறப்பு வேறு. வசியம், வசம் இரண்டிலும் இருப்பது வேறு சகரம். தமிழில் எழுதும்போது எல்லாச் சகரமும் ஒன்றாகிவிடுவதால் குடும்பம் குழம்பிப்போகிறது. வசந்தம் இளவேனிலைக் குறிக்கும் பழைய பெயர்ச்சொல், லத்தீனிலும் அதற்கு இனச்சொல் உண்டு.

---

யாழ்முரி:

தும்பைப்பூ கேட்டதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ‘உடுத்து’ என்ற அந்த இன்னொரு வினையடியும் ஜெர்மானியத்தில் வாழ்கிறது. ஆங்கிலத்தில் உடை அணிவதற்கு ‘வேர்’ என்கிறோமே, அதுதான். அதன் மூல வடிவம் *வஃஸ்யனம். அங்கேயும் ஃஸ் ரகரமாகியிருக்கிறது. ஆக ‘தே வெர்’ என்பதிலும் ‘தே வேர்’ என்பதிலும் இருக்கும் இரண்டு ரகரமும் ஒரு காலத்தில் ஸகரம், இரண்டும் வெர்னர் விதி வழியாக வந்தவை. வினையடிகளுக்கு மட்டும் ஒன்றுக்கொன்று உறவில்லை. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கொண்டாடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

---

கல்லாடன்2:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்று. உடுக்குறி போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் எழுதலாமா? *வேஃஸுன் என்று ஒரு சொல்லை யாரும் கேட்டதில்லை, எங்கும் எழுதப்படவில்லை. கோதிக்தான் பெரிய அளவில் நூல் கிடைக்கும் ஜெர்மானிய மொழிகளிலேயே பழையது. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த விவிலிய மொழிபெயர்ப்பு. அதில் வஸ், வேஸுன் என்றுதான் இருக்கிறது. இரண்டிலும் ஸ். ஃஸும் இல்லை, ரகரமும் இல்லை. பழைய சாட்சியை விட்டுவிட்டு ஏன் பிந்தைய மொழிகளை நம்ப வேண்டும்?

---

யாழ்முரி:

கல்லாடன், இதைக் கட்டாயம் பேசியே ஆகவேண்டும்.

முதலில் கோதிக். எழுத்தில் முந்தியது என்பதாலேயே வடிவத்திலும் பழையது என்று சொல்லிவிட முடியாது. மூல வடிவம் ஸ்/ஸ் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய மொழி) எல்லாவற்றிலும் பன்மையில் மட்டும், அதுவும் சமஸ்கிருத அழுத்தம் தாவும் அதே இடத்தில் மட்டும், ரகரம் எப்படி முளைத்தது? அதை விளக்க வழியே இல்லை. மூல வடிவம் ஸ்/ஃஸ் என்று வைத்தால் எல்லாம் பொருந்தும். கோதிக் பேசியவர்கள் ஒருமையின் ஸகரத்தைப் பன்மைக்கும் பரப்பிச் சமப்படுத்திவிட்டார்கள். இந்த வினையில் மட்டும் இல்லை, ஏறக்குறைய எல்லா வல்வினைகளிலும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கோதிக்கில் ஃஸ் ஒலியே இல்லை என்றும் சொல்ல முடியாது, வேறு சொற்களில் தாராளமாக வருகிறது.

இரண்டாவது, உடுக்குறி வடிவங்களை வெளியிலிருந்து சோதிக்க வழி உண்டு. ஜெர்மானியர்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஃபின்னியர்கள் அவர்களிடமிருந்து சொற்களைக் கடன் வாங்கினார்கள். ‘அரசன்’ என்பதற்கு *குனிங்கஃஸ் என்று மீட்டுருவாக்குகிறோம். ஆங்கிலத்தில் அது ‘கிங்’ என்று தேய்ந்துவிட்டது, ஜெர்மனில் ‘கோனிக்’. ஃபின்னிஷில் இன்றும் ‘குனிங்கஸ்’. கடைசி அசை அப்படியே இருக்கிறது! மோதிரத்துக்கு அவர்கள் சொல்லும் ‘ரெங்கஸ்’ ஆங்கில ‘ரிங்’கின் பழைய உரு. டென்மார்க்கில் கலேஹுஸ் என்ற இடத்தில் கிடைத்த தங்கக் கொம்பில் இருந்த ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்துகளில் ‘கஸ்திஃஸ்’ என்று முடியும் ஓர் ஆள்பெயர் உண்டு. ‘கெஸ்ட்’ என்ற சொல்லின் பழைய முழு வடிவம் அது. கொம்பை 1802இல் திருடி உருக்கிவிட்டார்கள். நல்லவேளை, அதற்கு முன்பே படம் வரைந்து வைத்திருந்தார்கள்.

மூன்றாவது சோதனை நம் வினையடியையே நேராகத் தொடுகிறது. இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் இது ‘வெஸ்’ என்று தொடங்கவில்லை, அதற்கு முன்னால் தொண்டையில் பிறந்த ஒரு மெய் இருந்தது என்கிறார்கள். அப்படிச் சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று 1879இல் சோசூர் என்ற மொழியியலாளர் கணக்குப் போட்டுச் சொன்னபோது, அவற்றை நேரடியாகக் காட்டும் மொழி எதுவும் அவர் கையில் இல்லை. 1915இல் ஹ்ரோஸ்னி, இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கிய பண்டைய ஹிட்டைட் மொழியை வாசித்தார். 1927இல் குரிலோவிச், சோசூர் சொன்ன இடங்களில் ஹிட்டைட்டில் ஹகரம் இருப்பதைக் காட்டினார். ‘உயிரோடு இரு’ என்ற பொருளில் ஹிட்டைட் வினை ‘ஹுவிஸ்-’. அதே இடத்தில் கிரேக்கத்தில் ஓர் அகரம் நிற்கிறது: ‘அ-எ-ஸ’, இரவைக் கழித்தேன். ஊகம் முதலில், சான்று பிறகு. எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் இப்படிப் பொருந்தி வராது.

---

கல்லாடன்2:

குனிங்கஸ் சரி, ஹிட்டைட்டும் சரி. பொருள் விஷயம்தான் இன்னும் இடிக்கிறது. ‘தங்கு’ எப்படி வெறும் ‘இரு’ ஆகும்? கிரேக்கத்தில் இரவைக் கழிப்பது, வடமொழியில் குடியிருப்பது, ஆங்கிலத்தில் ‘ஹி வாஸ் டால்’. உயரமாக இருப்பதற்கும் குடியிருப்பதற்கும் என்ன சம்பந்தம்?

---

ஆதிரை:

இதற்கு நான் வருகிறேன். கோதிக்கிலேயே இரண்டு பொருளும் அருகருகே கிடைக்கின்றன. யோவான் 14:25இல் இயேசு ‘உங்களோடு தங்கியிருக்கும்போது இதைச் சொன்னேன்’ என்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது தங்குதலுக்கான வினை. வுல்ஃபிலாவின் மொழிபெயர்ப்பில் ‘அட் இஃஸ்விஸ் விஸன்ட்ஸ்’. அந்த ‘விஸன்ட்ஸ்’ நம் வினைதான். அதே நூலில் வெறும் ‘இருந்தான்’ என்பதற்கும் ‘வஸ்’. நடுவழியில் இருக்கும் சொல்லை நேரில் பார்க்க முடிகிறது.

நம் மொழியிலும் ‘இரு’ என்றால் உட்கார் என்றும் பொருள், ‘இருக்கை’ அதிலிருந்துதான். ஸ்பானியர் ‘நில்’ என்ற வினையை ‘இரு’ ஆக்கிக்கொண்டார்கள். உட்கார்வது, நிற்பது, தங்குவது எல்லாமே பல மொழிகளில் கடைசியில் ‘இரு’வில் போய்ச் சேர்கின்றன. பொருள் பக்கத்தில் எனக்குக் கவலையே இல்லை.

என் கவலை வேறு. யாழ்முரி பன்மையில் *வேஃஸுன் என்று நெடில் ஏ போட்டார். அந்த ஏ எங்கிருந்து வந்தது? பதஞ்சலிபுரம் ஐயா சொன்ன ‘ஊஷு:’வைப் பாருங்கள். அங்கே வகரம் உகரமாகச் சுருங்கியிருக்கிறது. அழுத்தம் விகுதிக்குப் போனால் வினையடி சுருங்க வேண்டும், அதுதான் பழைய ஒழுங்கு. அந்தக் கணக்குப்படி ஜெர்மானியத்தில் *உஃஸுன் என்ற மாதிரி ஏதோ வந்திருக்க வேண்டும். சுருங்க வேண்டிய இடத்தில் நீண்டு நிற்கிறது. இதை விளக்காமல் மற்றதை விளக்கி என்ன பயன்?

---

பதஞ்சலிபுரம்:

ஆதிரை சொல்வது சரி. வகரம் உகரமாவதை ஸம்ப்ரஸாரணம் என்போம். ‘உஷித’ என்ற எச்சத்திலும் அதுவே. ஆனால் வடமொழியிலும் சில தாதுக்கள் லிட் பன்மையில் ஏகாரம் பெறும். ‘உட்கார்’ என்ற பொருளுள்ள ஸத் தாதுவுக்கு ‘ஸேது:’ என்று வரும். ஜெர்மானிய ஏகாரத்துக்கு அது விளக்கமாகுமா?

---

ஆதிரை:

பலர் முதலில் அங்கேதான் போனார்கள் ஐயா, ஆனால் அந்த வழி நடுவில் அடைபட்டுவிடுகிறது. ‘ஸேது:’வின் ஏகாரம் ‘ஸ-ஸ்த்’ என்ற இரட்டிப்பில் (இறந்தகாலத்துக்காக அடியின் தொடக்கத்தை இருமுறை சொல்வது) நடு ஸகரம் அதிர்ந்து, பின் கரைந்து வந்தது. அப்படிக் கரைவது இந்தியப் பக்கத்தில் நடந்த ஒலிமாற்றம். ஜெர்மானியத்தில் அது கரைவதில்லை. பறவைக்கூட்டுக்கு வடமொழியில் ‘நீடம்’, ஆங்கிலத்தில் ‘நெஸ்ட்’. இரண்டும் ஒரே மூலச்சொல், ‘கீழே உட்காரும் இடம்’. நீடத்தில் ஸகரம் கரைந்து உயிர் நீண்டது, நெஸ்டில் ஸகரம் அப்படியே இருக்கிறது. ஆகவே ஜெர்மானிய ஏகாரத்துக்கு இந்த விளக்கம் செல்லாது.

எனக்குத் திருப்தி தரும் விளக்கம் ‘உண்’ வினையிலிருந்து வருகிறது. *எடனம், ஆங்கில ‘ஈட்’. உயிரில் தொடங்கும் அடி என்பதால் இரட்டிக்கும்போது எ+எ சேர்ந்து இயல்பாகவே ஏ ஆகிவிடும்: *ஏட். இந்த வினைக்கு மட்டும் ஒருமையிலும் ஏ இருந்ததைக் கோதிக்கும் பழைய ஆங்கிலமும் காட்டுகின்றன. தினமும் வாயில் புழங்கும் வினை. இதைப் பார்த்து ‘அள’ என்ற *மெடனம், ‘கொடு’ என்ற *கெபனம் எல்லாம் பன்மையில் ஏகாரத்தை எடுத்துக்கொண்டன. அவற்றுக்கு அது தேவையாகவும் இருந்தது, ஏனென்றால் உயிர் சுருங்கினால் ம்ட், க்ப் என்று வாயில் நுழையாத கொத்துகள் மிஞ்சும்.

---

கல்லாடன்2:

அப்படியானால் ஒரு முரண் வருகிறது. ஏகாரம் பிற்பாடு ஒட்டவைத்தது என்றால், அந்தப் புது வடிவத்தில் வெர்னர் விதி எப்படி வேலை செய்தது? ஃஸ் பழையது, ஏ புதியது. இரண்டும் ஒரே சொல்லில் எப்படி?

---

ஆதிரை:

இரண்டு வழி உண்டு. ஒன்று, அழுத்தம் இன்னும் விகுதியில் இருந்த காலத்திலேயே ஏகாரம் நுழைந்துவிட்டது. முதலில் *வேஸுன், அழுத்தம் கடைசியில், பிறகு வெர்னர் விதி, *வேஃஸுன். இரண்டு, பழைய *உஃஸுன்-இல் ஸ் அதிர்ந்து முடிந்தபின், மெய்யை அப்படியே வைத்துக்கொண்டு உயிரை மட்டும் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றினார்கள். நான் முதல் வழியையே ஏற்கிறேன். ‘அள’, ‘கொடு’ வினைகளுக்கு ஏகாரம் அவசரத் தேவையாக இருந்தது என்றால் அது ரொம்ப முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். வேறு சிலர் இந்த ஏகாரத்தை இந்தோ-ஐரோப்பிய மூலத்திலேயே இருந்த நெடில் வடிவங்களோடு சேர்க்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

---

பெர்லின்வாசி:

இங்கே ஜெர்மன் பேசியே பிழைப்பு நடக்கிறது, என் பங்குக்குக் கொஞ்சம். இன்றைய ஜெர்மனில் இந்த ஸ்/ர் வேறுபாடு கிடையாது. நான் இருந்தேன்: இஹ் வார். நாங்கள் இருந்தோம்: வீர் வாரென். இரண்டிலும் ரகரம். இடைக்கால ஜெர்மனில் ‘இஹ் வஸ்’ என்றுதான் இருந்தது. கோதிக்காரர்கள் ஸகரத்தைப் பன்மைக்கு இழுத்தார்கள் என்றால் இவர்கள் ரகரத்தை ஒருமைக்கு இழுத்துவிட்டார்கள். சுவீடிஷ்காரர்களும் அப்படியே, ‘வார்’. ஐஸ்லாந்தின் பழைய செய்யுள்களில் ‘வஸ்’ இருந்ததை இயைபுத்தொடை காட்டிக்கொடுக்கிறது, பின்னால் ‘வர்’ ஆகிவிட்டது. அங்கே வினையின் பெயரே ‘வெஸ’ என்பதிலிருந்து ‘வெர’ ஆகிவிட்டது.

ஆனால் ஜெர்மனில் ஸகரம் முழுதும் போகவில்லை. ‘இருந்திருக்கிறேன்’ என்பதற்கு ‘கெவேஸன்’. சாராம்சம், உயிரினம் என்ற பொருளில் ‘வேஸன்’. வகுப்பில் ஆள் இருந்தால் ‘அன்வேஸெண்ட்’, வராவிட்டால் ‘அப்வேஸெண்ட்’.

ஒரு கேள்வி. ‘கெவேஸன்’ என்ற எச்சத்திலும் அழுத்தம் விகுதியில்தானே இருந்திருக்கும்? அப்படியானால் ‘கெவேரன்’ என்றல்லவா வரவேண்டும்?

---

யாழ்முரி:

பெர்லின்வாசி, உங்கள் பெயரின் பின்பாதியிலேயே நம் வினையடி இருக்கிறது!

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். மற்ற வினைகளின் எச்சத்தில் ரகரம் வருகிறது, இதில் வரவில்லை. காரணம், இந்த வினைக்கு அப்படி ஓர் எச்சம் தொடக்கத்தில் தேவைப்படவே இல்லை. ‘இருந்திருக்கிறேன்’ என்ற கூட்டுக் காலமே பிற்பாடு உருவானது. பழைய ஆங்கிலத்தில் வெஸன் வினைக்கு இந்த எச்சம் காணக் கிடைக்கவில்லை. தேவை வந்தபோது ஜெர்மன் பேசியவர்கள் நிகழ்கால அடியிலிருந்து புதிதாகச் செய்துகொண்டார்கள், அதனால் ஸ். ஆங்கிலேயர் ‘பீ’ என்ற வேறு அடிக்குப் போய் ‘பீன்’ செய்தார்கள். நான் முதலில் கொடுத்த பட்டியலில் *வெஸனஃஸ் என்பதை ஒழுங்குக்காகப் போட்ட வடிவமாகவே பாருங்கள். மற்ற மூன்றுக்கும் உள்ள வலு அதற்குக் கிடையாது.

---

நெய்தல்நிலா:

அக்கா, நான் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ‘இஃப் ஐ வெர் யூ’ என்று வரும்போது பிள்ளைகள் ‘ஐ’க்கு ஏன் ‘வெர்’ என்று கேட்கிறார்கள். ‘அங்கே மட்டும் பன்மை போடுவோம்’ என்று சொல்லி ஒப்பேற்ற மனசு வரவில்லை. இதற்கும் வெர்னருக்கும் தொடர்பு உண்டா?

---

யாழ்முரி:

நேரடித் தொடர்பு உண்டு. அது பன்மையே இல்லை. ஜெர்மானிய வினைகளுக்கு ‘இருந்தால்’, ‘இருக்கட்டும்’ என்று விருப்பத்தையும் நிபந்தனையையும் சொல்லத் தனி வடிவம் இருந்தது. வடமொழியின் விதிலிங் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வடிவத்தில் வினையடிக்குப் பின்னால் ‘ஈ’ விகுதி வரும், அழுத்தம் பின்னால்தான் விழும். அதனால் தன்மையோ படர்க்கையோ, ஒருமையோ பன்மையோ, எல்லா இடத்திலும் ஸ் அதிர்ந்தது. பழைய உயர் ஜெர்மனில் படர்க்கை ஒருமை ‘வாரி’, இன்று ‘வேரெ’. அந்த ஈகாரம்தான் முன்னால் இருந்த ஆகாரத்தை ஏகாரமாக்கியது. பழைய ஆங்கிலத்தில் ‘வாரெ’.

பிறகு ஆங்கிலத்தில் விகுதிகள் தேய்ந்தன. ‘வாரெ’யும் ‘வாரோன்’-உம் தேய்ந்து தேய்ந்து ‘வெர்’ என்ற ஒரே உருவத்தில் வந்து நின்றன. ஆக ‘இஃப் ஐ வெர்’ என்பதில் இருப்பது தனி வழியில் வந்த ஒருமை வடிவம், பார்வைக்குத்தான் பன்மை போல இருக்கிறது. பிள்ளைகளிடம் ‘நடக்காததை நினைத்துச் சொல்லும்போது வரும் வேறு சொல் இது, உருவம் ஒன்றாகிவிட்டது’ என்று சொன்னாலே போதும்.

---

கார்முகில்:

‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ இதெல்லாம் எங்கே சேரும்? ‘ஆர்’ என்பதிலும் ரகரம் இருக்கிறதே.

---

ஆதிரை:

அவை *வெஸனம் வினையைச் சேர்ந்தவை இல்லை. ஜெர்மானிய மொழிகளில் ‘இரு’ என்பது மூன்று அடிகளைச் சேர்த்துத் தைத்த வினை. நிகழ்காலத்துக்கு ‘எஸ்’ அடி. கோதிக்கில் இம், இஸ்ட், ஸிண்ட். வடமொழியில் அஸ்மி, அஸ்தி, ஸந்தி. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். ‘பீ’, ஜெர்மன் ‘பின்’ இரண்டும் ‘பவதி’யின் அடி. *வெஸனம் இறந்தகாலத்தைப் பிடித்துக்கொண்டது. ‘ஆர்’ வடக்கு இங்கிலாந்து வழக்கிலிருந்து பரவியது, ஸ்காண்டிநேவியர் வருகை அதற்குப் பலம் சேர்த்தது. அதன் அடி ‘எஸ்’தானா, வேறொன்றா என்பதில் இரு கருத்து உண்டு. தனி இழையில் பேசலாம்.

---

கல்லாடன்2:

கடைசியாக ஒன்று. வெர்னர் விதி எல்லா வினைக்கும் பொது என்றால், ஆங்கிலத்தில் இந்த ஒன்றில் மட்டும் எப்படி மிஞ்சியது?

---

யாழ்முரி:

மற்றவற்றிலும் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘தேர்ந்தெடு’ வினை சேயோஸன், பன்மையில் ‘குரோன்’, எச்சம் ‘கோரென்’. இன்று சூஸ், சோஸ், சோஸன். ரகரத்தைத் துடைத்துவிட்டார்கள். ‘உறை’ என்ற வினையில் ஆங்கிலம் ஃப்ரீஸ், ஃப்ரோஸன் என்று ஒரு பக்கம் சாய்ந்தது, ஜெர்மன் ‘ஃப்ரீரன்’ என்று மறுபக்கம் போனது. ‘இழ’ வினையிலிருந்து ‘ஃபர்லார்ன்’ என்ற பெயரடை மட்டும் ரகரத்தோடு தப்பியது. கைவிடப்பட்ட, துணையற்ற என்ற பொருளில் இன்றும் வழங்குகிறது. கொதிக்க வைப்பதற்கான ‘ஸீத்’ வினையின் பழைய எச்சம் ‘ஸாடன்’. அதிலும் வெர்னர் விதிதான், ஸ் இடத்தில் வேறு மெய். இன்று தண்ணீரில் ஊறிப்போனது என்ற பொருளில் தனியாக நிற்கிறது, ‘ஸீத்’தோடு அதற்கு உறவு இருப்பது யாருக்கும் நினைவில்லை.

‘வாஸ், வெர்’ தப்பியதற்குக் காரணம் பயன்பாடுதான். குழந்தை முதலில் கற்கும் வினைகளில் ஒன்று, ஒரு நாளில் எத்தனையோ தடவை காதில் விழுவது. ஒழுங்குபடுத்த நேரம் கிடைப்பதற்குள் மனதில் பதிந்துவிடுகிறது. அதிலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. யார்க்‌ஷயரில் ‘ஐ வெர்’ என்பார்கள், வேறு பல வட்டார வழக்குகளில் ‘வி வாஸ்’. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஓக்ரகோக் தீவில் ‘இல்லை’ சேர்த்துச் சொல்லும்போது மட்டும் எல்லா இடத்துக்கும் ‘வெரின்ட்’ போடும் பழக்கம் உண்டு. ஸ், ர் இரண்டையும் ஒருமை பன்மைக்கு வைத்துக்கொள்ளாமல் உடன்பாட்டுக்கும் எதிர்மறைக்கும் பிரித்துக்கொண்டுவிட்டார்கள்.

அடுத்து *வெர்தனம் வினையை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஜெர்மன் ‘வெர்டன்’, வடமொழி ‘வர்ததே’. பதஞ்சலிபுரம் ஐயா அதன் லிட் வடிவங்களை எழுதிக் கொடுத்தால் புது இழை திறந்துவிடுகிறேன்.